'இதேபோல்' என்று எழுதிய வரி

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் தாளம் போடும், போனில் பேசினால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். கணித ஆனர்ஸ் கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம் என்று ஒன்று வந்து சேர்ந்ததும் இந்த ஆட்டம் இன்னும் கூடிப்போனது. அவளோடு ஒரே அறையில் இருந்த அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவள்.

"உன் ஆராய்ச்சி முடியறதுக்குள்ள தரையில பள்ளம் விழுந்துடும்டி" என்பாள் போர்வைக்குள்ளிருந்து.

ஆய்வு இதுதான். புள்ளிகளும் கோடுகளும் கொண்ட ஒரு படம்; கோடுகள் எங்கேயும் சுற்றி வந்து மூடிக்கொள்ளாது. கணிதத்தில் அதற்கு மரம் என்று பெயர். புள்ளிகளுக்குப் பூஜ்யத்திலிருந்து எதையும் விடாமல் ஆளுக்கொரு எண்ணாகக் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு கோட்டின் இரண்டு முனைகளிலும் இருக்கும் எண்களின் வித்தியாசத்தை அந்தக் கோட்டின் மேல் எழுத வேண்டும். எந்த வித்தியாசமும் இரண்டு முறை வரக்கூடாது. எல்லா மரத்துக்கும் இப்படி எண் கொடுக்க முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. பம்பரம் ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டாள்: நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து கிளம்பும் இரண்டு புள்ளிக் கால்கள், ஒவ்வொரு காலின் நுனியிலும் கொடுக்கு மாதிரி இன்னும் இரண்டு புள்ளி. எத்தனை கால் இருந்தாலும் எண் கொடுக்க ஒரு விதியையும் கண்டுபிடித்தாள்.

கால்கள் ஒற்றைப்படை என்றால் விதி ஏன் பலிக்கிறது என்பதற்கு ஆறு பக்கம் எழுதினாள். இரட்டைப்படைக்கு ஒரே வரி: 'இதேபோல் நிறுவலாம்.' நான்கு, ஆறு, எட்டு, பத்து கால்களுக்குக் கையாலேயே போட்டுப் பார்த்திருந்தாள். கச்சிதமாக வந்தது. ஆய்வை மேற்பார்வையிட்ட மேடம் படித்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதிகள் பைண்டிங் கடைக்குப் போயின. மேற்படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகம் இடமும் கொடுத்துவிட்டது, ஆய்வில் முதல் தரம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒப்படைத்தால் வேலை முடிந்தது.

வியாழக்கிழமை காலை, வாய்மொழித் தேர்வில் காட்டுவதற்கு முகப்புப் படம் வரைய உட்கார்ந்தாள். பன்னிரண்டு கால் வைத்தால் கடிகாரம் மாதிரி அழகாக இருக்கும் என்று தோன்றியது. நாற்பத்தொன்பது புள்ளிகள், நாற்பத்தெட்டு கோடுகள். விதிப்படி எண்களை நிரப்பினாள். கோடுகளின் மேல் வித்தியாசங்களை எழுதிக்கொண்டே வந்தவள் பன்னிரண்டாவது காலில் பதினேழு என்று எழுதினாள். ஆறாவது காலிலும் பதினேழு இருந்தது.

கூட்டல் கழித்தல் தப்பாக இருக்கும் என்று அழித்துவிட்டுப் போட்டாள். பதினேழு. புதுத் தாளில் முதலிலிருந்து போட்டாள். அப்போதும் பதினேழு. அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். குழாயைத் திறந்து மூடினாள். காய்ந்திருந்த துணியை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

"தப்பாயிடுச்சுக்கா. இரட்டைப்படை வரலை."

"யார் கண்டுபிடிச்சா?"

"நான்தான்."

"அப்ப வேற யாருக்கும் தெரியாது. படுத்துத் தூங்கு."

லிப்ட் மெக்கானிக்கான அப்பா காலைச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "பத்து கால் வரைக்கும் சரியா இருக்கில்ல? பன்னெண்டு கால் பூச்சியை எவன்மா பார்த்திருக்கான்?"

"அப்பா, அது பூச்சி இல்லை."

"மேடம்தான் கையெழுத்துப் போட்டுட்டாங்களே. அவங்க பார்க்காததை நீ ஏன் தோண்டற? சீட்டு போயிடும்மா."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் கல்லூரி வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.

மேடம் தேர்வு மேற்பார்வைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் விடைத்தாள் கட்டு. பம்பரம் படத்தை நீட்டி இரண்டு பதினேழையும் தொட்டுக் காட்டினாள். மேடம் கட்டைக் கீழே வைத்தார். பேனா முனையால் ஒவ்வொரு காலாக எண்ணிக்கொண்டு போனார். முகம் சிவந்துவிட்டது.

"நான் ரெண்டு தடவை படிச்சேன்" என்றார். "அந்த 'இதேபோல்' மேல வழுக்கிட்டுப் போயிருக்கேன்."

"நானும்தான் மேடம்."

"சரி பண்ண முடியுமா? மூணு நாள்ல?"

"பார்க்கறேன்."

"முடியலைன்னா ஒற்றைப்படையை மட்டும் வை. இரட்டைப்படையைப் பத்தி மூச்சு விடாதே. கேட்டா அது திட்டத்துல இல்லைன்னு சொல்லிக்கலாம்."

வியாழன், வெள்ளி, சனி. நூலகம் மூடினால் வீட்டு மாடிப்படி, அங்கே ஆட்கள் ஏறி இறங்கினால் பஸ் நிறுத்தம். எண்களை இடம் மாற்றிப் பார்த்தாள். பதினேழு விலகினால் இருபத்தொன்று இடித்தது. கொடுக்குகளிலிருந்து தொடங்கிப் பார்த்தாள், நடுவே மாட்டிக்கொண்டது. பல் துலக்கும்போது ஒரு யோசனை வந்து வாயில் நுரையோடு பேப்பரைத் தேடினாள். அதுவும் பலிக்கவில்லை. சனிக்கிழமை மாலை தாள்களை வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. கால்தான் ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை எழுத உட்கார்ந்தாள். 'இரட்டைப்படை' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் வெட்டினாள். வெட்டி முடித்ததும் ஆய்வு சுத்தமாக இருந்தது. இரண்டு தரம் படித்தாள். படிக்கிறவர்களுக்கு ஒற்றைப்படையோடு நிறுத்திக்கொண்டவள் என்றுதான் தெரியும், முட்டி மோதி விழுந்தவள் என்று தெரியாது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் நான்கு பக்கம் சேர்த்தாள்: இரட்டைப்படைக்கும் விதி பலிக்கும் என்று நம்பினேன், பத்து வரை பலிக்கிறது, பன்னிரண்டில் உடைகிறது, இதோ படம், இவையெல்லாம் முயன்று தோற்ற வழிகள்.

போனில் கேட்ட மேடத்துக்கு எரிச்சல் வந்தது. "தோத்ததை எதுக்கு அத்தியாயமா எழுதணும்? வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் வேற எதையும் பார்க்க மாட்டார், அதைத்தான் பிடிச்சுப்பார்."

"பிடிக்கட்டும் மேடம்."

"உன் இஷ்டம்." போன் வைக்கப்பட்டது. ஆனாலும் திங்கட்கிழமை எட்டரைக்கே வந்து புதிய பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

பைண்டிங் கடைக்காரர்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். அட்டையில் தங்க எழுத்து அடித்து முடித்திருந்தார். "தலைப்பையே மாத்தணுமா? 'எல்லாக் கால்களும்'னு எவ்வளவு பளபளன்னு வந்திருக்கு பாரு!"

"எல்லாமும் இல்லையாம் அண்ணே. பாதிதான்."

"படிக்கறவங்களுக்கே பாதிதான் தெரியும்னா நாங்க எங்க போறது?" என்று முனகிக்கொண்டே அட்டையைக் கிழித்தார். பசை காயும்வரை அவள் கடைவாசலில் நடந்தபடி இருந்தாள். பதினொன்று ஐம்பதுக்கு மூன்று பிரதிகளும் அலுவலக மேசையில் இருந்தன. ஒன்றில் பசை இன்னும் விரலில் ஒட்டியது.

வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர், ஜலதோஷக்காரர், கைக்குட்டையைக் கீழே வைக்கவில்லை. ஒற்றைப்படை நிரூபணத்தைப் பத்து நிமிடத்தில் கடந்தார். மேடம் சொன்ன மாதிரியே கடைசி நான்கு பக்கத்தில் வந்து நின்றார்.

"பன்னெண்டுல உடையுதுன்னு எழுதியிருக்கீங்க. பத்துல ஏன் உடையலை?"

பம்பரம் திகைத்தாள். மூன்று நாளும் சரி செய்யத்தான் பார்த்தாளே தவிர, பத்து ஏன் தப்பித்தது என்று கேட்கவே இல்லை.

"தெரியலை சார்."

"யோசிங்க. பலகை இருக்கு."

சாக்பீஸை எடுத்தாள். முதலில் அசையாமல் நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தாள். மேடம் பதற்றத்தோடு பார்த்தார். தேர்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதல் பாதிக் கால்களின் வித்தியாசங்களை மேலே ஒரு வரியாக எழுதினாள். அவை இரண்டிரண்டாக இறங்கின. மறுபாதியைக் கீழே எழுதினாள். அவை இரண்டிரண்டாக ஏறின. அப்படியே நின்றுவிட்டாள்.

"எதிரெதிரே வருது சார்! ஒண்ணு இறங்குது, ஒண்ணு ஏறுது. பத்து கால் வரைக்கும் சந்திக்கறதுக்கு முன்னாடியே ரெண்டும் தீர்ந்துடுது. பன்னெண்டுல முதல் தடவையா முட்டிக்குது. அதுக்கப்புறம் எல்லா இரட்டைப்படையிலயும் முட்டும்."

"ஒற்றைப்படையில?"

"ஒரு வரி ஒற்றை எண், இன்னொண்ணு இரட்டை எண். சந்திக்கவே சந்திக்காது."

"இதை எழுதியிருக்கலாமே" என்றார் தேர்வாளர்.

"இப்பத்தான் தெரிஞ்சது சார்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டாம் தரம். முதல் தரத்துக்கு மூன்று மதிப்பெண் குறைவு. எடுத்துக்கொண்டது முழுது, நிறுவியது பாதி என்று தேர்வாளர் குறிப்பு எழுதியிருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வருத்தம் தெரிவித்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. அப்பா அதை மடித்து வைத்தார். "நான் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அக்காதான் வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை எங்கிருந்தோ எடுத்து வந்து போட்டாள். "நாளைக்குக் கடைசி நாள். நடந்துக்கிட்டே நிரப்பு." எழுதினாள். ஜூன் மாதம் அங்கே இடம் கிடைத்தது, பட்டியலின் அடியில்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது மேடத்திடமிருந்து போன் வந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அந்தக் கடைசிக் காலோட ரெண்டு எண்ணை இடம் மாத்தினியா?"

"எந்தக் கால் மேடம்?"

"கடைசி. நடுவோட ஒட்டற புள்ளியையும் அதுக்கு அடுத்ததையும். நேத்து பூரா உட்கார்ந்து போட்டேன், பசங்க பசிக்குதுன்னு கத்தற வரைக்கும். பன்னெண்டுக்கு முட்டலை. பதினாலுக்கும் முட்டலை."

பம்பரம் நடக்கத் தொடங்கிவிட்டாள். "பதினாறு?"

"பதினாறுல மறுபடி இடிக்குது. ஏன்னு தெரியலை. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் வர்றியா?"

"இப்பவே வரட்டுமா மேடம்?" என்று கேட்டாள். கேட்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.