ஓங்கிய கை

விஜயபாண்டி நாயை அடிக்கமாட்டார். ராஜபாளையத்தில் நாய்க்குட்டி வளர்த்து விற்பவர்களில் அவர் ஒரு தனி ரகம். வாங்குகிறவர் வீட்டுக்கு அவரே குட்டியோடு போவார். வீட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்து, மனசுக்குப் பிடித்தால்தான் கொடுப்பார். கம்பெடுக்கிற வீடு என்று தெரிந்தால், என்ன விலை சொன்னாலும் குட்டி திரும்பி வந்துவிடும். ஊரில் பாதிப்பேர் இதைக் கிறுக்கு என்றார்கள். மீதிப்பேர் அவரிடம்தான் வாங்கினார்கள்.

மகள் மாரிச்செல்வி விஷயத்தில் மட்டும் சட்டம் வேறு. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார். வாய்ப்பாடு தப்பினால் ஓர் அடி, தண்ணீர்க் குடத்தைச் சிந்தினால் ஓர் அடி. அவளோ நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவருடையதோ பஞ்சு மில்லில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. மனைவி வெள்ளைத்தாய் குறுக்கே வந்தால், பிள்ளை வேறு நாய் வேறு என்று அவள் வாயை அடைத்துவிடுவார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருக்கும். அந்தப் பெருமையைத்தான் வெள்ளைத்தாயால் பொறுக்க முடிந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குட்டி கேட்டிருந்தார்கள். மாரிச்செல்வி மடியில் இருந்தால்தான் குட்டி சத்தம் போடாமல் வரும் என்பதால், அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். செருப்புக்கடை பீர் முகமது வீட்டில் அவளும் குட்டியும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பீர் முகமதுவின் மனைவி நசீமா ஒரு கிண்ணத்தில் பால்கோவா வைத்து அவள் கையில் கொடுத்தார்.

விஜயபாண்டி தன் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினார். அடித்து வளர்த்த நாய்க்குப் பயம்தான் மிஞ்சும். பயந்த நாய் காவலுக்கும் ஆகாது, கொஞ்சுவதற்கும் ஆகாது. பீர் முகமது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்தக் குட்டி அடிபடாதது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றார். நியாயமான கேள்விதான்.

"அது ரொம்ப லேசு பாய். கையைச் சட்டுனு ஓங்கிப் பாக்கணும். அடிபட்டதுன்னா ஒடுங்கிப்போகும்."

சொல்லிக்கொண்டே கையை ஓங்கினார்.

குட்டி அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது. மாரிச்செல்வி இரண்டு கைகளாலும் தலையை மூடி, கண்ணை இறுக்கிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள். பால்கோவாக் கிண்ணம் உருண்டு போனது.

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று விஜயபாண்டிக்குத் தெரியவில்லை. சட்டைப்பையைத் தடவினார், காதைச் சொறிந்தார். நசீமா கிண்ணத்தை எடுத்துவைத்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பீர் முகமது தரையைப் பார்த்தபடியே, "குட்டி நல்ல குட்டிதான் அண்ணாச்சி," என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. பொறவு வாரேன் என்று முனகி, மகளையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மடவார்வளாகம் கோயிலைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

"அப்பா, பால்கோவாவைத் தெரியாமக் கொட்டிட்டேன். வீட்ல போயி அடிப்பீகளா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினார். தலையைத் தடவிக்கொடுக்கலாம் என்று திரும்பினார். கையைத் தூக்கினால் மறுபடியும் ஒடுங்கிவிடுவாளே என்று பயமாக இருந்தது. கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தார்.

அவள் மடியிலிருந்த குட்டி மட்டும் எட்டி அவர் முழங்கையை நக்கியது.