சி என்றால் சுடுதண்ணி

கருத்தக்கண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது கருத்தக்கண்ணன் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். கீழக்குயில்குடிப் பக்கம் கமலை இறைத்துக்கொண்டிருந்தவர், ரோடு போடும் கண்ட்ராக்டில் கால் வைத்து, ஓவர்சியர்களோடு பழகி, தல்லாகுளத்தில் மாடி வீடு கட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். வந்த வழியில் 'எஸ் சார்', 'வெரி குட்' மாதிரி சில சரக்குகள் வேட்டியில் நெருஞ்சிமுள் ஒட்டுவதுபோல ஒட்டிக்கொண்டன. கையெழுத்தையும் இங்கிலீஷில்தான் போடுவார். அது எழுத்தல்ல, புள்ளிக்கோலம் மாதிரி மனப்பாடமாய் வரைந்து பழகிய படம்.

காலையில் முன்கூடத்தில் இங்கிலீஷ் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். படம் போட்டிருந்தால் எது தலை, எது கால் என்று தெரிந்துவிடும். படம் இல்லாத நாளில் பேப்பரை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, "உலகம் போற போக்கே சரியில்லப்பா" என்பார். சீமையில் சண்டை மூளப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. யாரும் அவரை மறுக்கவில்லை.

வீடு முடிகிற சமயத்தில், சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் நாற்காலியையும் கண்ணாடியையும் ஏலம் கேட்டுக்கொண்டிருக்க, கருத்தக்கண்ணன் நேரே குளியலறைக்குப் போனார். ஆள் உயரச் செம்புப் பாய்லர் ஒன்று. கூடவே ஒரு ஜோடிப் பித்தளைக் குழாய்கள். குழாய்களின் தலையில் வெள்ளைப் பீங்கான் பொட்டு. பொட்டில் நீல நிறத்தில் ஆளுக்கு ஓர் எழுத்து. இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

குழாய் மாட்ட வந்த பிட்டர் காளை, சுவரைக் கொத்திவிட்டு நிமிர்ந்தான்.

"ஐயா, இதுல எழுத்துப் போட்டிருக்கு. எது சுடுதண்ணி, எது பச்சத்தண்ணின்னு சொன்னீங்கன்னா அந்தப்படிக்கு மாட்டிப்பிடுவேன்."

வீடு பார்க்க வந்த நாலைந்து பேர் அப்போது பக்கத்தில் நின்றார்கள். கருத்தக்கண்ணன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மகள் அழகம்மாள் சின்னப் பிள்ளையாய்ச் சத்தம் போட்டுப் படித்த காலத்தில் எழுத்துகளின் பேர் காதில் விழுந்து, ஒன்றிரண்டின் உருவமும் அவருக்குப் பழகியிருந்தது. அந்த ஏணி மாதிரி இருப்பது எச். அரை வட்டமாய் இருப்பது சி. அவரே பல வருஷம் சி கிளாஸ் கண்ட்ராக்டர். எச், சி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மறுகணம் வெளிச்சம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

"இதுகூடவா தெரியல? எச்-ன்னா எச்சில் கை கழுவ. பச்சத்தண்ணி. சி-ன்னா சுடுதண்ணி. மாட்டுடா."

"அட, வெள்ளக்காரன் நமக்குன்னே போட்டிருக்கான் பாருங்கண்ணே" என்று ஒருவர் வியந்தார். காளை அந்தப்படிக்கே மாட்டினான். சி-யைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர். எச்-சைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர். எழுத்து தப்பாயிருந்தாலும் தண்ணீர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

அன்று முதல் பாய்லர் அணைந்ததே இல்லை. மனைவி சீனியம்மாளுக்கு அது வயிற்றெரிச்சல்.

"குளிக்கிறது நீங்களும் நானும். அதுக்கு விடிஞ்சதுலருந்து பொழுது அடையிற மட்டும் கரியப் போட்டு எரிக்கணுமாக்கும்? பருப்பு வேக வச்சிரலாம் போலருக்கு அந்தத் தண்ணியில."

"ஆரு எப்ப பாக்க வருவாகன்னு கண்டமா? தெறந்தா ஆவி பறக்கணும். வெதுவெதுன்னு வந்தா அதுக்கு எதுக்குத் துரை வீட்டுக் குழாயி?"

பால் காய்ச்சிய அன்று வீடு நிறைய ஆள். பந்தி முடிந்து எழுந்தவர்களைக் கொல்லைக்கு அனுப்பாமல் 'பாத்ரூமு'க்கு அழைத்துப் போய், எச்சில் பாடத்தை ஒவ்வொரு பந்திக்கும் நடத்தினார். வந்திருந்த ஓவர்சியர் ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியும். அவர் குழாயைப் பார்த்தார், கருத்தக்கண்ணனைப் பார்த்தார், எச்-சில் கை கழுவிக்கொண்டு "வெரி குட்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டுப் பக்கம் போய்விட்டார். சோறு போட்டவனைத் திருத்துவது மரியாதையில்லை.

மதியம் கழிந்து மேலூரிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். கூடவே மாப்பிள்ளை சின்னச்சாமி, நெல் வியாபாரம்; அவன் தாய் மாயக்காள்; இடுப்பில், நடை பழகிக்கொண்டிருந்த பேரன் விருமாண்டி. அழகம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். படிக்க வைத்ததும் அப்பாதான். 'எம் மக இங்கிலீஷ் படிக்கிறா' என்று சொல்வதற்காகவே படிக்க வைத்தார். ஆனால் அந்தப் பெண், சொன்னதோடு நிற்காமல், நிஜமாகவே படித்துவிட்டாள்.

பேரன் வந்ததும் பாயசப் பாத்திரத்தில் காலை விட்டான். முழங்கால் வரை வெல்லப்பாகு. "கழுவிக் கொண்டாறேன்" என்று அழகம்மாள் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கருத்தக்கண்ணன் முன்கூடத்தில் சம்பந்தியம்மாளிடம் பாய்லரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. பிள்ளை அழுகிற சத்தமாக அது இல்லை. ஆட்டுக்குட்டி ஒன்றைக் கழுத்தில் பிடித்தது மாதிரி ஒரு சத்தம், பிறகு மூச்சே இல்லை, பிறகு மறுபடி.

ஓடிப் போய்ப் பார்த்தார். அறை முழுக்க ஆவி. அதற்குள் மகள், பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அவள் கையும் முழங்கை வரை சிவந்திருந்தது. குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் மூடுகிற பக்கம் என்று நினைத்து முழுக்கத் திறந்திருந்தாள். பிள்ளையின் கால்களில் தோல், நனைந்த காகிதம்போல விலகியிருந்தது.

"சி-யத்தாம்ப்பா தெறந்தேன்" என்றாள். "கை வச்சுப் பாத்தேன், ஜில்லுன்னுதான் வந்துச்சு. அப்புறந்தான் கால வச்சேன். சி-ன்னா பச்சத்தண்ணிதானப்பா?"

குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் முதலில் வந்திருக்கிறது; பாய்லர்த் தண்ணீர் அதன் பின்னால் வந்திருக்கிறது. இது கருத்தக்கண்ணனுக்குப் பிறகு புரிந்தது. அந்த நிமிஷத்தில் புரிந்தது ஒன்றுதான். மகள் சொல்வது சரி.

பின்னாலேயே கூட்டம் வந்துவிட்டது. அவள் பிள்ளையின் காலை எச்-சுக்குக் கீழே கொண்டுபோனாள். "தண்ணி படக் கூடாது, கொப்புளிச்சிரும்" என்று யாரோ கையைத் தட்டிவிட்டார்கள். ஒருத்தி வாழைக்குருத்துக்கு ஓடினாள். ஒருவர் மசிக்கூட்டைக் கொண்டுவந்து எழுதுகிற மையை ஊற்றினார். எல்லோருக்கும் ஒரு வைத்தியம் தெரிந்திருந்தது.

மாயக்காள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "கொதிக்கிற தண்ணியத் தெறந்து விட்டிருக்கா, பாவி."

"அத்தே, எழுத்துப்படி அது பச்சத்தண்ணிதான் அத்தே. மாத்தி மாட்டிருக்காக."

"வந்ததுலருந்து அந்த மனுசன் வாய் வலிக்கச் சொல்லிக்கிட்டுத்தான இருக்காரு, சி-ன்னா சுடுதண்ணின்னு? உங்கப்பனுக்குத் தெரியாத இங்கிலீசா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

அழகம்மாள் அப்பாவைப் பார்த்தாள். வாசல் வரை நின்ற அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன.

"வண்டியக் கட்டுங்கடா" என்றார் கருத்தக்கண்ணன்.

ஆஸ்பத்திரியில் பேரனின் கால்களைக் கூடை மாதிரி ஒன்றால் கவிழ்த்து மூடி வைத்தார்கள். மசியைக் கழுவி எடுக்கவே டாக்டரம்மாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது. "பெரியவங்க கை தாங்குற சூட்டை இந்தத் தோலு தாங்காது" என்றாள். தன் வீட்டுத் தண்ணீர் பெரியவர் கையும் தாங்காத சூடு என்பதைக் கருத்தக்கண்ணன் சொல்லவில்லை.

அடுத்த நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளை எதையும் உள்ளே இறக்கவில்லை. தோல் போன இடத்தில் உடம்பு நீரெல்லாம் வடிந்துவிடுகிறது, எப்படியாவது பாலோ தண்ணீரோ உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா பட்டென்று சொன்னாள். மாயக்காள் கட்டிலை விட்டு எழவில்லை. தம்ளரை வாயில் வைத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு "ம்மா" என்றது. அம்மா வராந்தாவில், கதவுக்கு வெளியே, கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே விட மாட்டேன் என்று மாயக்காள் சொல்லிவிட்டாள். சின்னச்சாமி தாய்க்கு எதிரே வாய் திறக்கிற ஆள் இல்லை.

கருத்தக்கண்ணன் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். பிள்ளை தொடவில்லை. பெரிய டாக்டரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய், பார்க்காமல் திரும்பி வந்தார். வராந்தாவில் மகளைக் கடந்து போகும்போதெல்லாம் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவள் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

சாயங்காலம் உள்ளேயிருந்து வந்த "ம்மா" மிகவும் சன்னமாகிவிட்டது. அழகம்மாள் எழுந்து கதவில் கை வைத்தாள். உள்ளே மாயக்காள் திரும்பிப் பார்த்தாள். மகள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கருத்தக்கண்ணன் அதைப் பார்த்தார். உள்ளே போனார்.

"தங்கச்சி, கொஞ்சம் வெளிய வா."

"இருக்கட்டும்ணே. நான் எந்திரிச்சா அவ உள்ள வந்துருவா."

"வா தாயி. ஒரு வார்த்தை."

சின்னச்சாமியைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு அவள் வாசற்படிக்கு வந்தாள். கருத்தக்கண்ணன் தொண்டையைக் கனைத்தார். மந்தையில் நின்று ஐநூறு பேருக்கு நடுவில் பேசியவர். இப்போது வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

மாயக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் இரக்கம் வந்தது. அதுதான் அவரைக் கலங்கடித்தது.

"தெரியும்ணே, நீங்க இப்பிடி ஏதாச்சும் சொல்லுவீகன்னு. பெத்த மனசு. மக செஞ்ச தப்பத் தன் தலையில போட்டுக்கிறீக."

"இல்ல தாயி. நெசமாவே தெரியாது."

"பேப்பர் வாசிக்கிறது எங்க ஊர் வரைக்கும் தெரியும். கலெக்டர்கிட்ட இங்கிலீசுல சண்டை போட்டீகன்னு நீங்கதான எம் மகன்கிட்டச் சொன்னீக?"

சொன்னது உண்மைதான். அந்தச் சண்டையில் கலெக்டர் தோற்றதாகவும் சொல்லியிருந்தார். ஊரை நம்ப வைக்க அவருக்குப் பத்து வருஷம் ஆனது. இப்போது ஒருத்தியை நம்பாமல் இருக்க வைக்க வேண்டும், வழி தெரியவில்லை. எதிரே சுவரில் கொட்டை எழுத்தில் ஓர் இங்கிலீஷ் பலகை தொங்கியது. அதை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதைப் படிக்கச் சொல்லு."

"எதுக்குண்ணே?"

"சொல்லு தாயி. படிங்கன்னு சொல்லு."

"சரி, படிங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "மொதல்ல பாம்பு மாதிரி ஒண்ணு. அடுத்தாப்ல ஒரு குச்சி. அந்தா, கடைசிக்கு முந்தி, சி. அது ஒண்ணுதான் தெரியுது. டாக்டரம்மா பேரா இருக்கும்னு நெனைக்கிறேன்." குரல் அவரையறியாமல் உயர்ந்துவிட்டது.

அந்தப் பக்கம் போன நர்ஸ் நின்றாள். "பெரியவரே, சத்தம் போடாதேன்னுதான் அங்க எழுதிப் போட்டிருக்கு. அதுக்குக் கீழயே நின்னு கத்துறீங்களே."

அவள் போன பிறகும் அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை மீசைக்கு இறங்கியது, துடைக்கவில்லை.

"சி-ன்னா சுடுதண்ணின்னு நானா அடிச்சு விட்டேன். எச்-ன்னா எச்சிலுன்னு சொன்னேன். நாலு பேரு நின்னாக. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. அவ படிச்சபடிக்குச் சரியாத்தான் தெறந்தா. கொதிக்கக் கொதிக்கப் போட்டு வச்சவனும் நான்தான். நேத்து நீ கேட்டப்பவும் வாய மூடிக்கிட்டேன்."

"எச்சிலா?" என்றாள் மாயக்காள் மெதுவாக.

"எச்சில்தான்."

மாயக்காள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் தன்னைக் கொஞ்சமாவது உயர்த்தித்தான் சொல்லுவான். இப்படி ஒரு கோமாளித்தனத்தை யாரும் இட்டுக்கட்ட முடியாது. கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. பெரிய மனிதர் என்று நினைத்துக் கும்பிட்ட கையை வேட்டியில் துடைக்கிறவர்களுக்கு வருகிற முகம்தான் வந்தது.

அவள் உள்ளே போய்ப் பால் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவரைத் தாண்டி, வராந்தாவில் உட்கார்ந்திருந்த மருமகளிடம் நீட்டினாள்.

"இப்பத்தான் காச்சினாக. ஆத்திக் குடு."

அழகம்மாள் கட்டுப்போட்ட கையால் தம்ளரை அணைத்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படியில் அப்பா வழியை மறித்துக்கொண்டு நின்றார். நிற்பது அவருக்கே உறைக்கவில்லை. "தள்ளுங்கப்பா" என்றாள். தள்ளி நின்றார். அவள் உள்ளே போனாள்.

உள்ளே அந்தச் சன்னமான சத்தம் நின்றது. குடிக்கிறானா, அசந்துவிட்டானா என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. மாயக்காள்தான் எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பாலு எறங்குது" என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை; சுவரைப் பார்த்துச் சொன்னாள்.