மூன்றாவது வீட்டுக்கு இழுத்த ஒயர்

1

இந்தக் கதை என் வாயால் வந்த வினை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துப் படாரென்று உடைக்கிற வித்தை எனக்கு வராது. வந்தாலும் இந்த விஷயத்தில் மனம் ஒப்பாது.

சின்னசேலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடப் படித்த இன்னாசி சவுண்டு சர்வீஸ் நடத்துகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு லீவு என்பதால், அவனுடைய லோடு ஆட்டோவில் சும்மா ஏறிப் போனேன். போன இடம் சாவு. ஒரே தெருவில் மூன்று சாவு.

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

'கல்வராயன் மலையின் மேல் கருமேகங்கள் திரண்டு...' (வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.)

'மரணம் என்பது...' (இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்கு மலைக்குப் போன வேன், சாயங்காலம் இறங்கும்போது வளைவில் கவிழ்ந்தது. கூலிக்குப் போன ஆயம்மாளும் ராமசாமியும் செத்தார்கள். மூன்றாவதாகச் செத்தவன் வேனை ஓட்டிய சேவியர்ராஜ். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று உடல்களும் அடுத்தடுத்து வந்து இறங்கின. முதல் இரண்டு வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கூட்டம் நெரிந்தது. தெருக்கோடியிலிருந்த சேவியர்ராஜ் வீட்டில் அவன் மனைவி மார்கரெட் மட்டும் இருந்தாள். அவளுடைய சொந்தக்காரர்கள் திருநாவலூர்ப் பக்கம். இன்னும் வந்து சேரவில்லை.

3

எங்களைக் கூப்பிட்டது ஆயம்மாளின் கணவர் பச்சமுத்து. ஆம்ப்ளிபயரையும் மைக்கையும் அவர் வாசலில் வைத்தோம். அங்கே ஒரு பேஸ் பாக்ஸ்*, ராமசாமி வீட்டில் ஒன்று. ஆட்டோவில் பழைய பாக்ஸ் ஒன்று மிச்சம் இருந்தது.

(* நெஞ்சில் வந்து இடிக்கும் சத்தத்துக்கான ஆளுயரப் பெட்டி. அது இல்லாத சாவுவீட்டுப் பாட்டு கொசு மாதிரி இருக்கும், எவனும் அழமாட்டான் என்பது இன்னாசியின் தொழில் ஞானம்.)

மார்கரெட் ஆட்டோவுக்கே வந்தாள். முதல் பிரதியில் அவளைத் தலைவிரிகோலமாக அழவிட்டிருந்தேன். பொய். தலையை வாரி முடித்திருந்தாள், புடவையை ஒழுங்காக இழுத்துச் செருகியிருந்தாள்.

"எங்க வூட்டுக்கும் ஒரு பொட்டி வெச்சிடுங்கண்ணே" என்றாள். "அவரும் செத்துதான கெடக்குறாரு."

இன்னாசி தயங்கினான். மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்தால் ஆம்ப் சூடேறிப் போய்விடும் என்றான். உண்மையான பயம் அது இல்லை, மற்ற இரண்டு வீட்டாரும் என்ன சொல்வார்களோ என்பதுதான் என்று எனக்கும் தெரியும். நான்தான், பாவம்டா, கொடேன் என்றேன். ஓசியில் கிடைக்கிற புண்ணியத்தை யார் விடுவார்கள்? ராமசாமி வீட்டு பாக்ஸ் வழியாகவே ஒயரை இழுத்து மூன்றாவதைக் கோர்த்தால் ஆம்ப் தாங்கும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டான். ஒன்றுதான் சிக்கல்: அப்படிக் கோர்த்தபின் ஒன்றைக் கழற்றினால் மற்றதும் ஊமையாகிவிடும்.

ஒயர் அறுபது அடி குறைந்தது. துண்டு ஒயர்களின் நுனியைப் பல்லால் உரித்துத் தந்தேன். இன்னாசி சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு முறுக்கி டேப் சுற்றினான். ஒயரை ஓரமாக விட்டுக்கொண்டு போகையில் பச்சமுத்து கேட்டார்: "இது எந்த வூட்டுக்குப் போவுது?"

"தெருக்கோடிக்குங்க" என்றேன். பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கேவலமான பதிலை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

4

இந்த இடத்தில் வாசகர் எங்களைவிடப் புத்திசாலியாக இருப்பார். எங்களுக்கோ ஒயர் எட்டுமா எட்டாதா என்ற கவலை மட்டும்தான் இருந்தது. ஒரே ஆம்ப். அதில் ஒரே மைக். அங்கே பேசுவதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும். இருபது வருஷமாக இந்தத் தொழில் செய்கிற இன்னாசிக்கும் அது தோன்றவில்லை.

ஆயம்மாளின் தங்கை சாலம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

கெழங்கு புடுங்கப் போனவளே – எங்கக்கா
கெழங்காட்டம் கெடக்குறியே
வண்டி ஓட்டி வந்த சேவியரே – ஒன்
வம்சம் வெளங்குமாடா

மூன்று பாக்ஸிலும் கேட்டது. மூன்றாவதில் கொஞ்சம் கம்மியாக. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. செத்தவன் வாசலில் அதைக் கொண்டுபோய் வைத்தது நாங்கள்.

இன்னாசி தெருக்கோடிக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் ஒயரில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான். பிடுங்கினால் ராமசாமி வீட்டு பாக்ஸும் நின்றுபோகும், ஏன் நின்றது என்று தெருவே எழுந்து வரும், ஒயர் எங்கே போகிறதென்று பார்க்கும்.

5

முடிவுகள்.

அ) மார்கரெட் ஒயரைப் பிடுங்கி எறிகிறாள். (எழுதினேன். கைதட்டல் வாங்கும். அடித்துவிட்டேன்.)

ஆ) சாலம்மாள் பாட்டை நிறுத்திவிட்டுத் தெருக்கோடிக்கு வர, இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு... (நான்கு பக்கம் எழுதி எனக்கே கண்ணீர் வந்தது. கிழித்துப்போட்டேன். அக்காளைப் பறிகொடுத்தவளை இப்படி நடக்கச் சொல்ல நான் யார்?)

இ) ஆம்ப் புகைந்து... (இதை முடிக்கவே இல்லை.)

6

நடந்தது இது. இன்னாசி வாசலுக்கு வெளியே நின்று, தெரியாமல் செய்துவிட்டோம் தாயி, கழற்றிவிடுகிறேன், ஆவது ஆகட்டும் என்றான்.

மார்கரெட் உள்ளேயிருந்து சொன்னாள்: "கழட்டாதீங்கண்ணே. இம்மாம் நேரமாச்சி, ஒருத்தரும் இந்த வாசப்படி ஏறல. அவரு பேரச் சொல்லி அழுவறது அவுங்க ஒருத்திதான்."

பிறகு எழுந்து வந்து, தெருவைப் பார்த்திருந்த பாக்ஸைத் தனியாளாக நகர்த்தி, உடல் கிடந்த பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

7

உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். வேன் ஏன் கவிழ்ந்தது? பிரேக் பிடிக்கவில்லையா, கண்ணயர்ந்தானா, குடித்திருந்தானா?

எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். பிரேக் என்று ஒரு வார்த்தை எழுதினால் நீங்கள் நிம்மதியாக மார்கரெட் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய்விடுவீர்கள். குடி என்று எழுதினால் சாலம்மாளோடு சேர்ந்து மண்ணை வாரித் தூற்றுவீர்கள். இரண்டுமே சுலபம்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். சாலம்மாள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். தெரு பார்த்துக்கொண்டிருக்கிறது. காரணம் எதுவும் தெரியாமல் அந்த வாசற்படியை ஏறுவீர்களா?

அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். நான் ஏறவில்லை. இதையெல்லாம் தெருவில் நின்றுதான் பார்த்தேன்.