தேய்ந்த உதடு

எலியாஸ் எழுந்தான். முகம் கழுவினான். நேற்றைய ரொட்டியைப் பியரில் நனைத்துத் தின்றான். ஜன்னலுக்கு எண்ணெய்த்தாள் திரை கட்டினான்; நேர்வெயில் பட்டால் செம்பு கண்ணைக் கூசவைக்கும். மணல் அடைத்த தோல் திண்டின்மேல், படம் அச்சடிக்கும் செப்புத் தகட்டை வைத்தான். தகட்டில் இருந்தது டாமரிஸ், அவன் மனைவி. இறந்து ஏழு வாரம்.

கோடே இல்லாமல் புள்ளிகளாலேயே அவன் செதுக்கிய முகம். 'கவலையில்லாப் பெண்' என்று பெயரிட்டு அச்சடித்துப் படக்கடைக்காரர் பென்ஃபோல்ட் விற்றார். லண்டனில் பாதி, பாரிஸில் பாதி என்று எல்லாம் போயிற்று. நல்ல அச்சுப்படி ஒன்றைக்கூட எலியாஸ் எடுத்துவைக்கவில்லை. ஆள்தான் வீட்டில் இருந்தாளே. இப்போது தகடு தேய்ந்துவிட்டது. மிக நுண்ணிய புள்ளிகள் உதட்டில்தான். அதுவே முதலில் போயிற்று.

பென்ஃபோல்ட் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்னப்பா, இன்னும் உளியை எடுக்கலையா? அச்சுக்காரன் என் உசுரை வாங்குறான்."

"வாய் தேஞ்சுபோச்சு ஐயா."

"ஐந்நூறு தடவை உருளைக்குள்ள விட்டா என் வாயும்தான் தேயும். என் பொண்டாட்டி சந்தோஷப்படுவா." சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "லேசா ஒரு சிரிப்பு வச்சு விடு. யாரு ஒப்பிட்டுப் பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்."

"சரி, அவ வாய் எப்படி இருந்துச்சு? சொல்லு."

எலியாஸ் உளியை எடுத்துக்கொண்டு தகட்டின்மேல் குனிந்தான். பென்ஃபோல்ட் அவன் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கர்த்தரை அழைத்தபடியே அவள் போனாள் என்று பாதிரியாரிடம் சொல்லியிருந்தான். பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னான். அந்தச் சொல்லுக்கு ஏற்ற வாயை இப்போது நினைத்துப் பார்த்தான். அது யாருடைய வாயோ. இதைச் செதுக்கினால் இனி அவள் முகம் எங்கேயும் இருக்காது.

உளியைக் கீழே வைத்தான். அந்தக் கடைசிக் காலையை, நடந்தது நடந்தபடி, முதன்முறையாக நினைத்தான். அன்று வேலையை விட்டு எழுந்து ஓடிக் கட்டிலருகே குனிந்தான். அவள் கண் திறந்தாள். மேலுதடு அவனுக்கு வலப்பக்கமாக ஒரு மயிரிழை ஏறியது. கேலி செய்யும்போது அப்படித்தான் ஏறும்.

அச்சில் நேராக விழ, தகட்டில் முகம் இடவலம் மாறி நிற்கும். உளியை மறுபடி எடுத்து, இடப்பக்கத்தில் முதல் புள்ளியைக் குத்தினான். பிறகு அடுத்தது.

அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "சட்டையெல்லாம் செம்புத்தூளு. அப்படியே மெத்தையில ஏறிராதீங்க."