கறுப்பைப் பார்த்த கறுப்பு

"கரண்டு விட்டா புரதத்துக்கு வலிக்காதாம்மா?" என்று அல்வார் ஒருமுறை கேட்டான். அன்று சிக்னே சிரித்தாள். இன்று, உப்சாலா நகரப் பேருந்தில், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அல்வாருக்குக் காய்ச்சல் என்று மழலையர் பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும் ஆய்வகத்திலிருந்து ஓடிவந்திருந்தாள். அதற்குள் ஜெல்லில் பிரிந்த புரதங்களைச் சவ்வுக்கு மாற்ற, ஜெல்லையும் சவ்வையும் சட்டத்தில் அடுக்கி, குளிரறைத் தொட்டியில் இறக்கி, மின்சாரத்தையும் போட்டாயிற்று. காலைவரை ஓடும். ஆனால் சட்டத்தின் கறுப்புப் பக்கம் தொட்டியின் கறுப்பு மின்முனையைப் பார்த்திருந்ததா? நினைவில்லை. மாறியிருந்தால் புரதம் சவ்வுக்குப் போகாமல் தண்ணீரோடு போய்விடும். அது ஒரு நோயாளியின் செல்களிலிருந்து எடுத்த சாறு; இனி ஒரு சொட்டும் இல்லை. அவளுடைய ஆய்வேடு அந்தச் சவ்வில் கிடைக்கவேண்டிய ஒரு படத்துக்காகத்தான் நிற்கிறது.

உட்கார முடியவில்லை. எழுந்து நின்றபடியே ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவன் அங்கே அவளோடு வேலை செய்யும் டோர்க்கெல். ஆன்டிபாடி குப்பியைக் காலி செய்தது யார் என்று திங்களன்று இருவருக்கும் சண்டை. அதன்பின் பேச்சில்லை.

"என்ன, மறுபடி என் குப்பியா?"

"கிண்டல் வேணாம்ப்பா. என் சட்டம் கறுப்பும் கறுப்பும் பாத்து நிக்குதான்னு பாரேன்."

"முதல் வருஷப் பசங்க கேக்கற கேள்வி. நீயுமா?"

"ஆமா, நானும்தான். பாரு, டோர்க்கெல்!"

குளிரறைக் கதவு திறக்கும் சத்தம். பிறகு தொட்டியின் மூடி கழலும் சத்தம். அவள் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"சரியாத்தான் இருக்கு. போய்ப் புள்ளயப் பாரு."

மறுநாள் காலை, காய்ச்சல் தணிந்த மகனைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்தாள். சட்டத்தில் ஒட்டியிருந்த தன் பெயர் தன்னைப் பார்க்கும்படி இறக்கியது மட்டும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது பெயர் சுவரைப் பார்த்திருந்தது.

திருப்பி வைத்திருக்கிறான். சொல்லிக்காட்டவில்லை.

சவ்வைச் சாயத்தில் முக்கினாள். சவ்வுக்கு வந்து சேர்ந்த புரதங்கள் சிவப்புக் கோடுகளாக ஒவ்வொன்றாக எழுந்தன. "கர்த்தாவே, அவனுக்கு நன்மை செய்யும்" என்று முணுமுணுத்தாள்.

அவன் மேசை காலி. தங்கை கல்யாணத்துக்காக முந்தின மாலையே ஃபாலுனுக்கு ரயிலேறியிருந்தான். செல் வளர்ப்புப் பெட்டியைத் திறந்தாள். அவனுடைய தட்டுகளில் சிவப்பாக இருக்கவேண்டிய ஊட்டநீர் மஞ்சளாகிக் கிடந்தது. கிளம்பும் அவசரத்தில் மாற்ற மறந்திருக்கிறான். அவன் திரும்பும் திங்கள்வரை விட்டால் செல்கள் செத்துவிடும்.

அறையில் யாருமில்லை. அவனுடைய ஊட்டநீர்ப் புட்டியைக் கதகதப்பாக்கி, பழைய நீரை உறிஞ்சியெடுத்து, ஒவ்வொரு தட்டிலும் புது நீரை மெல்ல விட்டாள். தட்டுகளை இருந்த வரிசையிலேயே வைத்து, கதவைச் சாத்தினாள். சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை.