கூப்பிட்ட குரலுக்கு

தண்ணீர் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருக்கிறது, ஹாரன் தெருவையே அதிரவைக்கிறது, சர்வேஷ் நடுத்தெருவில் குந்தியபடி பாட்டில் மூடி ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான், முத்துச்செல்வி வாசலிலிருந்து டேய் சர்வேஷு, டேய் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடுகிறாள், பெற்றவளின் குரலுக்கு இரண்டு வயதுப் பிள்ளை திரும்பவே இல்லை, கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் முகம் நிமிர்த்திச் சிரித்தான். டிரைவர் இறங்கி வந்து, ஏம்மா, இம்புட்டு ஹாரன் அடிக்கேன், புள்ளைக்குக் காது கேக்காதா என்றார், கோபத்தில் கேட்டதுதான், ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது, சோறு வடிக்கிறாள், துணி அலசுகிறாள், மனம் பின்னால் பின்னால் போகிறது, தொட்டிலில் கிடந்தபோது பாடினால் சிரிப்பானே, பாட்டுக்குச் சிரித்தானா, உதடு அசைவதைப் பார்த்துச் சிரித்தானா, அப்பா வந்தால் கதவுப் பக்கம் திரும்புவானே, தரையில் விழுந்த வெளிச்சத்துக்கா திரும்பினான், தீபாவளிக்குத் தெருவே வெடித்தபோது மடியில் அசையாமல் தூங்குகிறான், எம்புள்ளைக்குப் பயமே கிடையாதுக்கா என்று பக்கத்து வீட்டில் பெருமையடிக்கிறாள், அந்தப் பெருமை இப்போது முள்ளாகக் குத்துகிறது, அவன் பின்னால் போய்க் கை தட்டினாள், திரும்பினான், அப்பாடா என்று மூச்சு வந்தது, இல்லை, கைக்காற்றில் அவன் முடி பறந்தது, இரண்டு எட்டுத் தள்ளி நின்று தட்டினாள், மூடி மட்டும் சுழன்றது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவன் காளிராஜிடம் விஷயத்தைச் சொன்னாள், அவனோ, நானே நாலு வயசுலதான் பேசினேனாம், சும்மா கெடந்து பயப்படாத என்றான், நீங்க அவன் பின்னாடி நின்னு கூப்பிடுங்க, ஒரே ஒரு தடவ என்றாள், அவன் கூப்பிட்டான், சத்தமாகக் கூப்பிட்டான், குரல் உடையக் கூப்பிட்டான், பிறகு சுவரோரமாக மெல்ல உட்கார்ந்து, நாளைக்கே போவோம் என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் சத்தம் புகாத அறை, பிள்ளையின் தலையில் ஒட்டிய வயர்கள், காது மருத்துவர் அம்மாள் நிதானமாகச் சொன்னார், கேட்கும் திறன் ரொம்பக் குறைச்சல்தாம்மா, ஆனா இந்த வயசுல வந்தது நல்லது, காதுல மெஷின் வச்சுப் பழக்கலாம், வீட்ல பேசிக்கிட்டே இருங்க, பேச்சு வரும். முத்துச்செல்விக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது, நான் இத்தன நாள் பாடுனது, கத சொன்னது, ஒண்ணுமே அவனுக்குப் போய்ச் சேரலையா டாக்டர், அவர் அவள் கையைத் தொட்டு, உங்க முகம் போய்ச் சேந்துருக்கும்மா என்றார்.

காதில் மாட்டிய மெஷினைச் சர்வேஷ் பிடுங்கி எறிந்தான், எடுத்து மாட்டினாள், மறுபடி எறிந்தான், மறுபடி மாட்டினாள், இது வெங்காயம், இது உரிக்கிற சத்தம், இது அம்மா என்று பேசிக்கொண்டே இருந்தாள், அவன் எதற்கும் அசையாத பொழுதுகளில் தன் குரலே தனக்கு அந்நியமாகப் பட்டது, பேசுவது பிரமையோ, பிள்ளை எங்கோ தண்ணீருக்கடியில் இருக்கிறானோ. ஒரு காலையில் வாசலருகே ஒரு நாய் குரைத்தது. சர்வேஷ் விறைத்து நின்றான், உதடு கோணியது, வீறிட்டபடி ஓடிவந்து அவள் சேலைக்குள் முகம் புதைத்தான், அவள் போனில் காளிராஜை அழைத்து, என்னங்க, பயந்துட்டான், நாய் குலைச்சதுக்குப் பயந்துட்டான் என்றாள், அந்த அழுகை அப்பனுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று போனைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.