ரொட்டி பிய்க்க ஓர் ஆள்

கிறிஸ்துமஸ் காலையில் சுடும் செஸ்னித்சா ரொட்டியைக் கத்தியால் வெட்டக் கூடாது. ஒருவர் ஒரு பக்கமும் இன்னொருவர் மறுபக்கமும் பிடித்து இழுத்துப் பிய்க்க வேண்டும். தனி ஆளாய்ப் பிய்த்தால் வீட்டோடு நிலமும் தரிசாகும் என்பார்கள். எங்கள் ஷுமாதியாச் சீமையில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். உள்ளே ஒரு காசு இருக்கும். அது யார் பங்கில் வருகிறதோ, அந்த வருஷம் அவருக்குத்தான் யோகம்.

முப்பத்தெட்டு வருஷம் மறுபக்கம் பிடித்தவர் என் புருஷன் ரதோசாவ். பிளம் பழம் உலுக்கும் சமயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார், மகராசன். இந்த வருஷமும் ரொட்டிமேல் மாவில் கதிரும் கலப்பையும் செய்து வைத்தேன். கலப்பை பிடிக்க ஆள் எங்கே என்று அப்புறம்தான் உறைத்தது.

அன்று முதலில் வாசலுக்கு வருபவர்தான் விருந்தாளி; வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அவர் மறுபக்கம் பிடிக்கலாம். மதியம் வரை பார்த்தேன். ஈ காக்கை வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மிலோய்கோ இருக்கிறான்தான். பாழாய்ப்போன ஒரு பிளம் மரத்துக்காக மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை. சாவுக்குக்கூட வாசலோடு நின்றுவிட்டுப் போனான். அவனைக் கூப்பிடுவேனா? என் செருப்பு கூப்பிடும்.

ரொட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன்.

"ஷாரோன்யா, நீதான்டா இன்னைக்கு விருந்தாளி. மெதுவா இழு, மானத்த வாங்காத."

எருது கவ்வி ஒரே இழுப்பு. பாதிக்கு மேல் அதன் வாயில். என் பங்கை உதிர்த்துப் பார்த்தேன். காசு இல்லை.

"முழுங்கிட்டியா? துப்புடா, எடுபட்ட பயலே!"

அது பாட்டுக்கு மென்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தீங்களா இவன?" என்று திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. அப்படியே வைக்கோல்மேல் உட்கார்ந்து அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், வேலிக்கு அப்பால் மிலோய்கோ. வியன்னாவில் மகள் வீட்டுக்குப் போன அவன் பெண்சாதி இந்த வருஷமும் வரவில்லை. விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து, தன் ரொட்டியின் ஒரு விளிம்பை முழங்காலுக்கடியில் அழுத்தி, மறு விளிம்பை இழுத்துக்கொண்டிருந்தான். ரொட்டி நழுவிப் பனியில் விழுந்தது. எடுத்துத் தட்டினான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து கத்தியை உருவினான்.

"வெட்டித் தொலைக்காதடா, பாவி!" என்று கத்தினேன். "இரு, வரேன்!"

செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் பனியில் ஓடினேன். அவன் போன மாதம்தான் தன் கடைசி மாட்டை விற்றிருந்தான்.